கசப்பில் பிழைத்த பரிகாரி: மூலிகைகளைச் சுவை பார்த்து எழுதிய லீ ஷிஜென்

இருபது வயதில் லீ ஷிஜென் சாகக் கிடந்தார். தடிமன் பிடித்து, அது நீண்ட இருமலாகி, கடைசியில் எலும்புக்குள் அடுப்பு எரிவதைப் போன்ற காய்ச்சலில் வந்து நின்றது. தோல் நெருப்பாகச் சுட்டது. ஒரு நாளில் ஒரு கிண்ணம் சளி துப்பினார். கோடைகாலம் வேறு. தாகம் அடங்கவில்லை, உறக்கமும் இல்லை, சோறும் இறங்கவில்லை. வழக்கமான மருந்துகளை ஒரு மாதத்துக்கு மேல் குடித்தும் நோய் கூடிக்கொண்டுதான் போனது. இனிப் பிழைக்கமாட்டான் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள்.

தகப்பன் லீ யென்வென் ஊரில் பேர் பெற்ற வைத்தியர். அவருக்குப் பழைய மருத்துவர் ஒருவரின் குறிப்பு நினைவுக்கு வந்தது. ஹுவாங் சின் என்ற மஞ்சள் நிற வேர், ஒரேயொரு சரக்கு, நம் கணக்கில் நாற்பது கிராமுக்குச் சற்றுக் குறைய. இரண்டு கோப்பை தண்ணீர் ஒரு கோப்பையாகும்வரை காய்ச்சி, அதை ஒரே மூச்சில் குடிக்கக் கொடுத்தார். கடும் கசப்பான வேர் அது. மறுநாள் காய்ச்சல் இறங்கியது. பிறகு சளியும் இருமலும் போயின.

இதை நமக்குச் சொல்பவர் லீ ஷிஜென்னேதான். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, தன் பெருநூலில் அந்த வேரைப் பற்றி எழுதும் இடத்தில் இந்தக் கதையையும் சேர்த்துவிட்டார். அதற்கு மேலே அந்த வேரின் சுவை என்னவென்று ஒரு சொல்லில் எழுதியிருக்கிறார்: கசப்பு.

சீன மூலிகைத் தேநீர் பற்றி ஒரு கட்டுரை எழுதலாம் என்றுதான் நான் தொடங்கினேன். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களின் பெட்டிகளில் இப்போது சொக்லேட்டோடு உலர்ந்த செவ்வந்திப் பூவும் சிவப்பு இலந்தையும் வந்துசேர்கின்றன. எதை எடுப்பது, எதை விடுவது, எப்படி ஊறவைப்பது என்று இரண்டு மூன்று பேர் என்னிடம் கேட்டார்கள். இணையத்தில் தேடினால் பட்டியல்களுக்குக் குறைவில்லை. இது ஈரலுக்கு, அது நித்திரைக்கு, மற்றது இரத்தத்துக்கு என்று எல்லாப் பட்டியலும் நோயிலிருந்தே தொடங்குகின்றன. நோயைப் பார்த்து மூலிகை தெரிவதென்றால் நாமே நமக்கு வைத்தியராகிறோம். அந்தத் துணிச்சல் எனக்கில்லை. சுவையிலிருந்து தொடங்கினால் என்ன என்று யோசித்தபோதுதான் இந்த மனிதர் எதிர்ப்பட்டார். பிறகு தேநீர் பின்னுக்குப் போய், அவர் முன்னுக்கு வந்துவிட்டார்.

லீ ஷிஜென் 1518இல் பிறந்தார். ஊர் சிஜோ, யாங்சி ஆற்றங்கரையில், இன்றைய ஹூபெய் மாகாணத்தில் இருக்கிறது. அவர் பிறந்த மறுவருட அளவில்தான் யாழ்ப்பாணத்தில் முதலாம் சங்கிலியன் அரியணை ஏறினான். காலத்தைக் கணிக்க இது உதவும். லீயின் பாட்டனார் மணி வைத்தியர். கையில் ஒரு மணியைக் கிலுக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், கூப்பிட்ட வீட்டில் மருந்து கொடுத்துவிட்டு நடப்பவர். தகப்பனார் ஓரளவு வசதியும் மதிப்பும் உள்ள வைத்தியராகி, தன் ஊரின் புகழ்பெற்ற மாசிபத்திரி பற்றியும் ஜின்செங் வேர் பற்றியும் சிறு நூல்கள் எழுதினார். ஆனாலும் மிங் காலத்துச் சீனாவில் வைத்தியருக்கு அதிகாரிகள் முன்னால் பெரிய இடமில்லை. தன் மகன் அந்த வாசலில் நிற்கக்கூடாது, அரச பரீட்சை எழுதி உத்தியோகம் பார்க்கவேண்டும் என்று தகப்பனார் விரும்பினார். யாழ்ப்பாணத்துக்காரருக்கு இந்த ஆசையை விளக்கவேண்டிய தேவையில்லை.

பையன் கெட்டிக்காரன். பதினான்கு வயதில் முதற்படிப் பரீட்சையில் தேறிவிட்டான். அடுத்த படி மாகாணப் பரீட்சை. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வூச்சாங் நகரத்தில் நடக்கும். அதில் மூன்று முறை தோற்றினார், மூன்று முறையும் தவறினார். மூன்றாம் தடவை தவறியபோது வயது இருபதைத் தாண்டிவிட்டது. நடுவில் அந்தக் காய்ச்சலும் வந்து போயிருந்தது. இனிப் பரீட்சை வேண்டாம், வைத்தியமே போதும் என்று தகப்பனாரிடம் சொல்லி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பரீட்சைக்குப் படித்த அத்தனை ஆண்டுகளும் வீணாகவில்லை என்பது என் எண்ணம். பிற்காலத்தில் எண்ணூறு நூல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பிழை பிடிக்க அந்தப் பயிற்சி இல்லாமல் முடிந்திருக்காது.

வைத்தியராக அவர் பெயர் சீக்கிரம் பரவியது. வூச்சாங்கில் இருந்த அரச குடும்பத்து இளவரசர் ஒருவரின் அரண்மனை அவரை அழைத்துப் பதவி கொடுத்தது. அங்கிருந்து பெய்ஜிங்கின் அரச மருத்துவ நிலையத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டார். தகப்பனார் கனவு கண்ட உத்தியோகம், சுற்றுப்பாதையால் வந்து சேர்ந்ததுபோல. அவரோ அங்கே நிலைக்கவில்லை, சிறிது காலத்தில் ஊருக்குத் திரும்பிவிட்டார். அது ஜியாஜிங் பேரரசரின் காலம். சாகாவரம் தேடி இரசமும் ஈயமும் கலந்த குளிகைகளை விழுங்குவது அரண்மனையில் பெரிய வழக்கமாக இருந்தது. இரசத்தைத் தின்று நீண்டநாள் வாழலாம் என்று நம்பிச் செத்தவர்களுக்குக் கணக்கில்லை என்று லீ தன் நூலில் வெளிப்படையாக எழுதினார். ஒரு நாட்டின் தலைவாசலில் இருப்பவர்களே நம்பும் ஒன்றைப் பொய்யென்று எழுதுவது லேசான காரியமல்ல.

பழைய மருந்து நூல்களைப் படிக்கப் படிக்க அவருக்குப் பயம் வந்தது. ஒரே கிழங்கு இரண்டு பெயர்களில் இரண்டு இடத்தில் இருந்தது. வேறுவேறு செடிகள் ஒரே பெயருக்குள் கிடந்தன. படத்தில் ஒன்று, எழுத்தில் இன்னொன்று. நூலை எழுதியவர் அந்தச் செடியைக் கண்ணால் கண்டதேயில்லை என்பது சில இடங்களில் வெளிப்படையாகத் தெரிந்தது. சமையல் நூலில் இப்படிப் பிழை இருந்தால் கறி கெடும். மருந்து நூலில் இருந்தால் ஆள் சாகும். 1552இல், முப்பதுகளின் நடுவில் இருந்தபோது, எல்லாவற்றையும் புதிதாகத் திருத்தி எழுதத் தொடங்கினார். முடிந்தது 1578இல். மூன்று தடவை முழுவதையும் திருப்பி எழுதினார்.

நூலின் பெயர் பென்சாவ் காங்மு. மருந்துச் சரக்குகளின் பெருந்தொகுப்பு என்று சொல்லலாம். 52 பாகங்கள், 1,892 சரக்குகள், 11,096 மருந்து முறைகள். அந்தச் சரக்குகளில் 374 அவரே புதிதாகச் சேர்த்தவை. இந்த எண்களை எல்லாக் கலைக்களஞ்சியங்களும் சொல்லும். அவர் யாரிடம் போய்க் கேட்டார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மீனவர், வேடர், விறகு வெட்டுபவர், கமக்காரர், பாம்பு பிடிப்பவர் என்று எழுத்தறியாத பலரிடம் கேட்டார். சிஜோவின் வெள்ளைப் புள்ளிப் பாம்பு மருந்துக்குப் பேர்போனது. சந்தையில் அந்தப் பெயரில் விற்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை ஆற்றுக்குத் தெற்கே பிடிபட்ட வேறு பாம்புகள் என்று அவர் எழுதினார்.

அழுங்கு எறும்பு தின்னும் என்று பழைய நூல் சொல்லியது. அவர் ஓர் அழுங்கின் இரைப்பையை அறுத்துப் பார்த்தார். உள்ளே ஒரு படியளவு எறும்பு இருந்தது. ஊமத்தம்பூவைச் சிரித்துக்கொண்டு பறித்துச் சாராயத்தில் சேர்த்தால் குடித்தவன் சிரிப்பான், ஆடிக்கொண்டு பறித்துச் சேர்த்தால் ஆடுவான் என்று சனங்கள் சொன்னார்கள். அதையும் தன்மேலேயே சோதித்துவிட்டு, பாதி வெறி ஏறியபின் இன்னொருவர் முன்னால் சிரிக்கவோ ஆடவோ செய்தால்தான் அது பலிக்கும் என்று எழுதிவைத்தார். (ஊமத்தை நஞ்சு. அவர் செய்ததை யாரும் செய்து பார்க்கவேண்டாம்.)

நூலில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரே ஒழுங்கு. முதலில் பெயர்கள், அவை எப்படி வந்தன என்ற விளக்கம். பிறகு எங்கே விளைகிறது, எப்படித் தோற்றமளிக்கும். பழைய பிழைகள் இருந்தால் திருத்தம். பதப்படுத்தும் முறை. அதன்பிறகு சுவையும் தன்மையும். எந்த நோய்க்கு என்பது அதற்குப் பிறகுதான் வருகிறது. இந்த வரிசையைப் பார்த்தபோது என் கட்டுரைக்கு விடை கிடைத்துவிட்டது.

சீன வைத்தியத்தில் சுவை ஐந்து: புளிப்பு, கசப்பு, இனிப்பு, உறைப்பு, உவர்ப்பு. புளிப்பு சுருக்கிப் பிடிக்கும். வியர்வையோ வயிற்றோட்டமோ கட்டுமீறிப் போகும்போது நிறுத்தும். கசப்பு சூட்டை இறக்கும், ஈரத்தை உலர்த்தும். இனிப்பு ஊட்டம் தரும், மற்றச் சரக்குகளைச் சமாதானப்படுத்தும். உறைப்பு உடலின் உள்ளே அடைபட்டிருப்பதைக் கலைத்து வெளியே தள்ளும். உவர்ப்பு கட்டியானதை இளக்கும். நம் சித்த வைத்தியத்தில் துவர்ப்பையும் சேர்த்து ஆறு. துவர்ப்பைச் சீனர் பெரும்பாலும் புளிப்போடு சேர்த்துக்கொண்டார்கள். நாக்கில் பட்டதும் உடலுக்குள் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு முன்னறிவிப்புக் கிடைக்கிறது என்ற எண்ணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அதை இன்றைய ஆய்வுகூடம் அப்படியே ஏற்காது. ஆனால் தடிமன் பிடித்தால் மல்லித் தண்ணியையும் இஞ்சியையும் தேடும் எந்த வீட்டுக்கும் இது புதிய கதையில்லை. கொத்தமல்லியும் லீயின் நூலில் இருக்கிறது, உறைப்பு என்ற குறிப்போடு.

நம்மவர்களுக்குச் சிரிப்பு வரக்கூடிய ஒன்றும் உண்டு. தேயிலையை அவர் பழங்களின் பகுதியில், சுவைப் பொருட்கள் என்ற வகுப்பில் வைத்தார். அதே வகுப்பில் பக்கத்திலேயே இருப்பது மிளகு. இரண்டோடும் அவருக்குச் சொந்தக் கணக்கு இருந்தது. சிறுவயதிலிருந்தே மிளகென்றால் உயிர். ஒவ்வொரு வருடமும் கண்நோய் வரும். இரண்டையும் அவர் தொடுத்துப் பார்க்கவேயில்லை. மெல்ல மெல்லப் பிடிபட்டபின் மிளகை அடியோடு விட்டார், கண்நோயும் நின்றது. பிறகு ஒன்றிரண்டு மிளகு தின்றாலும் கண் மங்கி உறுத்தும் என்கிறார். தேயிலையும் அப்படித்தான். இளமையில் புதுத்தேயிலை வந்தால் பல கிண்ணம் குடிப்பாராம். மெல்ல வியர்த்து, உடம்பெல்லாம் இலேசாகி, சொல்லமுடியாத சுகம். நடுவயதில் வயிறு பலவீனப்பட்டதும் அதே தேயிலை சத்தியும் வயிற்றோட்டமும் தந்தது. தன்னைப்போலத் தேநீர்ப் பைத்தியமானவர்களுக்கு எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று அதையும் எழுதிவைத்தார். ஒரு நாளைக்கு ஐந்தாறு பிளேன்டீ குடித்துவிட்டு நெஞ்செரிவு என்று சொல்பவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! ஒரே சரக்கு ஒரே ஆளுக்கே வயதோடு மாறும் என்பதை எண்ணூறு நூல்களில் எதிலிருந்தும் அவர் எடுக்கவில்லை.

இந்த மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதிதாகத் தொடங்குபவர் எதைத் தெரிவது? நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

இனிப்பிலிருந்து தொடங்குவது நல்லது. சீனரின் சிவப்பு இலந்தை நம் இலந்தைக்கு உறவு. ஆனால் புளிப்பில்லை, பேரீச்சம்பழத்தின் சாயல். இரண்டு பழத்தைக் கீறி, கொட்டையை எடுத்துவிட்டு, கொதிக்கும் நீரில் கால் மணி நேரம் மெல்லக் காயவிட்டால் பனங்கட்டி இல்லாமலே குடிக்கலாம். கோஜி என்ற சிறு செம்பழம் கடைசி ஐந்து நிமிடத்துக்குப் போதும். அதிமதுரம் நம் நாட்டு மருந்துக் கடையிலேயே இருக்கிறது, சீனப் பொதி தேவையில்லை. சீனர் அதை நாட்டுக்கு மூத்தவர் என்ற பொருளில் அழைப்பார்கள், மற்ற மருந்துகளின் சண்டையைத் தீர்த்துவைப்பதால். ஒரு விரல்நுனி அளவு போதும். கூடினால் மற்ற எல்லாச் சுவையையும் விழுங்கிவிடும்.

அடுத்தது செவ்வந்தி. இதில்தான் நாக்கின் வேலை நன்றாகத் தெரிகிறது. லீக்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே மருந்து நூலார் செவ்வந்தியை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். மணமும் இனிப்பும் உள்ளது மெய்யானது. மாசிபத்திரிபோல மணந்து கசப்பது மருந்துக்கு ஆகாதது. இலையையும் பூவையும் பார்த்துக் குழம்பலாம், வாயில் வைத்தால் குழப்பமில்லை. லீ அந்தப் பிரிவை ஏற்றுக்கொண்டு, செவ்வந்தியைத் தன் வழக்கத்துக்கு மீறிப் புகழ்ந்து எழுதினார். தளிரைக் கறியாக்கலாம், பூவைத் தின்னலாம், உலர்த்தித் தலையணைக்குள் அடைக்கலாம், சாராயத்தில் இடலாம். ஒரு கோப்பைக்கு நாலைந்து பூ. கொதித்து இறக்கிய நீரை ஊற்றி, மூடி, ஐந்து நிமிடம். காய்ச்சக்கூடாது, மணம் போய்விடும். கசப்புத் தூக்கலாக இருந்தால் ஓர் இலந்தையைச் சேருங்கள்.

புளிப்புக்கு ஷான்ஜா என்ற செம்பழத்தின் வற்றல் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கதை ஒன்றை லீ இந்தப் பழத்தோடு சேர்த்து எழுதுகிறார். தின்றது செரிக்காமல் உடல் மஞ்சளாகி, வயிறு மேளம்போல வீங்கியிருந்த பிள்ளை அது. தற்செயலாக அந்த மரத்தடிக்குப் போய் வயிறு நிறையப் பழம் தின்றது. வீட்டுக்கு வந்து சத்தி எடுத்தது. நோய் போய்விட்டது. எந்த வைத்தியரும் கொடுக்கவில்லை, பிள்ளையின் நாக்குக் கேட்டது. இறைச்சிச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மூன்று துண்டைச் சுடுநீரில் போட்டுக் குடித்தால், புளித்து இனித்து நன்றாக இருக்கும்.

உறைப்புக்கு நமக்குச் சீனா வேண்டியதில்லை. இஞ்சி, சுக்கு, கறுவா, புதினா எல்லாம் அந்த நூலிலும் உண்டு, நம் குசினியிலும் உண்டு. புதிது வேண்டுமென்றால் உலர்த்தி வருடக்கணக்கில் வைத்த மண்டரின் தோடம்பழத் தோலை எடுங்கள். பழையதாகும்தோறும் விலை கூடும். உறைப்பும் கசப்பும் கலந்து, இஞ்சியோடு நன்றாகச் சேரும். இது பூவைப்போல ஊறாது. பத்துப் பதினைந்து நிமிடம் காயவேண்டும்.

சுவைகளைப் படிக்க ஒரே ஒரு சரக்குத்தான் வாங்கமுடியும் என்றால் வூவெய்சி வாங்கலாம். ஐஞ்சுவைப் பழம் என்பதே பெயர். தோலும் சதையும் இனித்துப் புளிக்கும், உள்ளே விதை உறைத்துக் கசக்கும், எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் உவர்ப்பு. ஒரு பழத்தை மெல்ல மென்று, எது எப்போது வருகிறது என்று கவனித்துப் பாருங்கள். தேநீராக எல்லோருக்கும் பிடிக்காது. எனக்குப் பிடிக்கவில்லை.

கசப்பைக் கடைசிக்கு விட்டேன். லீயைக் காப்பாற்றிய ஹுவாங் சின் போன்ற வேர்கள் தேநீருக்கானவை அல்ல, வைத்தியர் கைக்கானவை. புதியவர் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எங்கள் சனத்தில் பலர் போருக்குப் பிறகு நீண்டகால மருந்துகளில் இருக்கிறார்கள்: காயங்களுக்கு, நித்திரைக்கு, பிறஷருக்கு, நீரிழிவுக்கு. அதிமதுரம் அதிகமானால் இரத்த அழுத்தத்தைக் கூட்டும், பொட்டாசியத்தைக் குறைக்கும். கோஜி, இரத்தத்தை இளக்கும் வார்ஃபரின் மருந்தோடு மோதும். கர்ப்பிணிகள் எந்தப் புதிய மூலிகையையும் கேட்காமல் தொடக்கூடாது. நாள் மருந்து குடிப்பவர் கிளினிக்கில் டொக்டரிடம் பொதியைக் காட்டிவிட்டுக் குடிப்பதில் வெட்கமில்லை.

பெயர் தெரியாத கலவைப் பொதியை வாங்கவே வேண்டாம். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகைக் குளிகை எடுத்த பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஃபாங்ஜி என்று முடியும் பெயர்களைக் கொண்ட இரண்டு வேர்கள் மாறிப்போனதுதான் காரணம். வந்து சேர்ந்த வேரில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்ற நஞ்சு இருந்தது. ஒரே பெயருக்குள் இரண்டு செடி கிடக்கும் ஆபத்தைப் பற்றி லீ கவலைப்பட்டு நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு நடந்தது இது. சிறுநீரக நோய் ஏற்கெனவே பரவியிருக்கும் வவுனியா போன்ற இடங்களில் இருப்பவர்கள் இதை மனதில் வைத்திருக்கவேண்டும்.

லீயின் நூலில் உள்ளதெல்லாம் சரி என்றும் நான் சொல்லவில்லை. அதில் மனித உடலிலிருந்து எடுக்கும் சரக்குகளுக்கென்று ஒரு பகுதியே இருக்கிறது. அவற்றில் சிலவற்றை மனிதத்தன்மைக்கு ஒவ்வாதவை என்று அவரே கண்டித்தாலும், விடாமல் பதிவுசெய்திருக்கிறார். ஒன்றையும் தவறவிடக்கூடாது என்ற பிடிவாதம் அவருக்கு.

1578இல் நூல் முடிந்தபோது அவருக்கு அறுபது வயது. அச்சிட ஆளில்லை. மரப்பலகையில் எழுத்து எழுத்தாகச் செதுக்கவேண்டும். ஏறத்தாழப் பத்தொன்பது இலட்சம் எழுத்துகள், அதோடு ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்கள். ஊர் வைத்தியர் ஒருவரை நம்பி எந்தப் பதிப்பாளர் அந்தச் செலவைச் செய்வார்? 1580இல் கைப்பிரதியைத் தூக்கிக்கொண்டு தாய்ச்சாங் நகரத்துக்குப் போனார். அங்கே வாங் ஷிஜென் இருந்தார், அந்தக் காலத்தின் பெரிய இலக்கியப் பெயர். பெயர் ஒலிப்பதுபோல இருந்தாலும் உறவில்லை. அவருடைய முன்னுரை இருந்தால் பதிப்பாளர் அசைவார். முன்னுரை கிடைத்தது, பத்து ஆண்டுகள் கழித்து, 1590இல்.

அந்தப் பத்து ஆண்டுகளைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். என் அம்மம்மாவின் தகப்பன் பரிகாரியார். வீட்டில் ஏடுகள் இருந்தன என்று அம்மம்மா சொல்வா. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது அரிசியும் உடுப்பும் பிள்ளைகளும்தான் கொண்டுபோகக்கூடியவை. திரும்பி வந்தபோது ஏடு வைத்த பெட்டி இல்லை. நூலகம் எரிந்ததைப் பற்றி நாங்கள் எழுதுகிறோம், எழுதவும்வேண்டும். வீட்டு ஏடுகளுக்குக் கணக்கே இல்லை. பரராசசேகரம் என்ற யாழ்ப்பாணத்து வைத்திய நூல் இன்று கையில் இருப்பதற்குக் காரணம், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை ஏடுகளைத் தேடிச் சேர்த்து அச்சில் ஏற்றியதுதான். அச்சேறியதற்குப் பல பிரதிகள் உண்டு. ஒரு பெட்டி தொலைந்தால் தொலையாது. இருபத்தாறு ஆண்டு உழைப்பு ஒரேயொரு கைப்பிரதியாக வீட்டில் இருக்க, அதைப் பார்த்துக்கொண்டு கிழவராகும் ஒருவருக்கு ஒவ்வொரு வெள்ளமும் ஒவ்வொரு அடுப்புப் பொறியும் எப்படி இருந்திருக்கும்?

நான்ஜிங்கில் ஹூ செங்லோங் என்ற பதிப்பாளர் துணிந்தார். பலகை செதுக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 1593இல் லீ ஷிஜென் இறந்தார். நூல் வெளிவந்த ஆண்டு பெரும்பாலும் 1596 என்றே குறிக்கப்படுகிறது. அதே ஆண்டு மகன் லீ ஜியென்யுவான், தகப்பனார் பேரரசருக்கு எழுதி வைத்திருந்த விண்ணப்பத்தோடு நூலை வான்லி பேரரசரின் அவைக்கு அனுப்பினார். பேரரசர் பெற்றுக்கொண்டார், பார்ப்பதற்கு வைக்கும்படி ஒரு குறிப்புப் போட்டார், அவ்வளவுதான். அரசு அதை அச்சிடவில்லை.

அது அரசின் தயவில்லாமலே போனது. 1603இல் ஜியாங்சி மாகாணத்தில் மறுபடி அச்சானது. 1607இல் ஒரு பிரதி நாகசாக்கி வழியாக ஜப்பானுக்குப் போய், தொக்குகாவா இயெயாசுவின் கைக்குச் சேர்ந்தது. அங்கே தலைமுறை தலைமுறையாக அதை வைத்துச் செடிநூல் படித்தார்கள். 2011இல் யுனெஸ்கோ அதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. சிஜோவில் மழை ஏரி என்று அழைக்கப்படும் ஏரிக்கரையில் அவருடைய கல்லறை இருக்கிறது. அந்த ஏரிக்கரை வீட்டை வைத்துத்தான் அவர் தனக்குப் புனைபெயர் சூட்டிக்கொண்டார்.

நான்ஜிங் முதற்பதிப்பில் எஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதில் வேலை செய்தவர்களின் பெயர்ப்பட்டியல் இருக்கிறது. மேலே லீ ஷிஜென். கீழே பிழை திருத்திய மகன்கள், படம் வரைந்த மகன்கள், பாகங்களை ஒழுங்குபடுத்திய பேரன்கள், தெளிவான எழுத்தில் படியெடுத்த ஒரு பேரன். கடைசியில் பதிப்பாளர் ஹூ செங்லோங்.